காது வரைக்கும்

ஊரில் எல்லோரும் கோபம் வந்தால் சொல்லும் வார்த்தையைப் பிழைப்பாக வைத்திருப்பவன் நான். வாசல் பலகையில் மட்டும் 'முடி மற்றும் தலைத்தோல் நல நிபுணர்' என்று கௌரவமாக எழுதியிருக்கும். உள்ளே வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு முதலில் பார்ப்பது என் தலையைத்தான். நெற்றியிலிருந்து உச்சி தாண்டி அங்கே ஒன்றுமில்லை. காதுகளுக்கு மேலே மிச்சமிருப்பதை நானே மழித்துவிடுகிறேன். பாதி சாம்ராஜ்யத்தை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பயன்?

வருகிறவர்களில் பாதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். ஒரு லாரி டிரைவர் அடக்கவில்லை. "உங்களுக்கே இந்தக் கதின்னா எனக்கு என்ன சார் செய்யப்போறீங்க?" என்று கேட்டார்.

"அதனாலதான் என்னை நம்பலாம். இந்தத் தலைய வச்சுக்கிட்டு நான் பொய் சொன்னா எடுபடுமா?" என்றேன்.

முதலாளியம்மாவுக்கு என் தலை பெரிய தலைவலி. சேர்ந்த புதிதில் ஒரு டோப்பா வாங்கித் தருகிறேன் என்றாள். மாட்டேன் என்றேன். தொப்பியாவது போடச் சொன்னாள். அதையும் மறுத்தேன். வேறு ஆள் கிடைக்காததால் விட்டுவிட்டாள். எங்களுக்குள் உண்மையான சண்டை தலையைப் பற்றியது அல்ல, ஒரு வார்த்தையைப் பற்றியது.

எங்கள் வேலை இதுதான். பேனா மாதிரி ஒரு கேமரா இருக்கிறது. அதைத் தலைத்தோலில் வைத்தால் பக்கத்துத் திரையில் தோல் பெரிதாகத் தெரியும். முடி கொட்டுவது எனக்குப் பெரிய விஷயமில்லை. கொட்டிய இடத்தில் துளை திறந்திருக்கிறதா, மூடிவிட்டதா என்பதுதான் விஷயம். திறந்திருந்தால் ஏதாவது செய்யலாம். சில நோய்களில் துளையே தழும்பாகி மூடிப்போகும். திரையில் அந்த இடம் துடைத்த தரை போல வழவழவென்று இருக்கும். அங்கே எந்த எண்ணெயும் எந்த ஊசியும் ஒன்றும் செய்யாது. அதைப் பார்த்தால் நான் "வராது" என்று சொல்லிவிடுவேன். முதலாளியம்மாவின் சட்டப்படி "பார்க்கலாம்" என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு முறை பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வந்தாள். உச்சியில் உள்ளங்கை அளவுக்கு வழுவழுப்பு. வேறு இரண்டு இடங்களில் 'பார்க்கலாம்' வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"இந்த இடத்துல துளையே இல்லம்மா. இனிமே வராது. சுத்தி இருக்கிறத காப்பாத்திக்கலாம், அதுக்கு வழி இருக்கு."

அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்துக் காகிதக் கைக்குட்டையை அருகில் நகர்த்தினேன். அவள் அழவில்லை. "இதை முதல்லயே யாராவது சொல்லியிருக்கலாம் சார். தினமும் கண்ணாடிக்கு முன்னாடி நின்னு தேடிக்கிட்டே இருந்தேன்," என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு ஆடித் தீர்த்துவிட்டாள். "வராதுன்னு சொல்ல நீங்க யாரு? கடவுளா?"

"கேமரா சொல்லுதும்மா."

"கேமராவுக்கு நான் சம்பளம் குடுக்கல. மயிரைக் கட்டி மலையை இழுக்கிறது, வந்தா மலை, போனா மயிருன்னு சொல்வாங்கள்ல? அந்த அம்மா இழுத்துப் பார்க்கட்டுமே, உங்களுக்கு என்ன?"

"அவங்களுக்குத்தான் கட்டறதுக்கு மயிரே இல்லையே," என்றேன். அன்றைக்கு அவளோடு பேச்சுவார்த்தை அதோடு முடிந்தது.

இந்தக் கதைகளை எல்லாம் நான் சொல்வது அக்காவிடம். அக்கா வீடு என் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயங்காலம் அவள் வீட்டில்தான் காபி, பேச்சு எல்லாம். தபால் அலுவலகத்தில் கவுண்டரில் வேலை பார்த்தவள், மனிதர்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவள். நான் முதலாளியம்மா மாதிரி பேசிக்காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அப்படித்தான் அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது. குழாயைச் சரிசெய்யச் சொன்னால் அத்தான், "பார்க்கலாம்" என்பார். "சரி, அப்ப கிடையாது," என்று அக்கா அவளே ஸ்பேனரைத் தேடப் போவாள். கொஞ்ச காலத்தில் எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் பொருள் என்று ஆகிவிட்டது. பார்க்கலாம் என்றால் கிடையாது.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் இருந்தது. எனக்கு வர வேண்டியதையும் சேர்த்து அவள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று அம்மா சொல்வாள். அக்கா என்னை 'மொட்டை' என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு முழுத் தலை முடி இருந்த காலத்திலேயே அப்படித்தான் கூப்பிட்டாள், வாய் முகூர்த்தம். அவளுடைய ஒரே பையன் சின்ன வயதில் அந்தப் பின்னலின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவான். அவள் மெதுவாக உருவி எடுக்கப் பார்த்தால் விழித்துக்கொள்வான். பாதி வேலை அப்படியே கிடக்க, அவனோடு படுத்துக் கிடப்பாள். இப்போது அவன் வேறு நாட்டில் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர்.

அவளுக்குக் கேன்சர் என்று தெரிந்தபோது, மருந்து ஏற்றுவதற்கு முன்னாலேயே முடியை வெட்டிவிடச் சொன்னது நான்தான். தானாகத் தலையணையில் கொத்துக் கொத்தாக விழுவதைப் பார்ப்பது வெட்டுவதைவிடக் கொடுமை. எத்தனையோ பேரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து நானே வெட்டிவிட்டிருக்கிறேன். அக்காவுக்கு வெட்டும்போது கத்தரி இரண்டு முறை கோணலாகப் போனது. "ஒழுங்கா வெட்டுடா, ஏற்கனவே கோணல் தலை," என்றாள். கடைசியில் கேட்டாள், "திரும்ப வருமா?"

"இந்த மருந்து துளைய மூடாது. வேலைய நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். மருந்து நின்னதும் எட்டிப் பார்க்கும்," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பையன் கிளம்பி வருகிறேன் என்றான். அவள் விடவில்லை. தொலைபேசியில் முகம் காட்டிப் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டாள், வெறும் குரல்தான். "முடி காது வரைக்கும் வரட்டும், அப்புறம் வா. இந்தக் கோலத்துல நீ பார்க்க வேண்டாம். மீறி வந்தா கதவத் திறக்க மாட்டேன்," என்று சொன்னாள். அம்மாவுக்குப் பயந்த பிள்ளை. லீவைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒவ்வொரு வாரமும் என்னைக் கூப்பிட்டு, "மாமா, வர ஆரம்பிச்சுடுச்சா?" என்று கேட்பான்.

மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அத்தானையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார். அறைக்குள் வேறு யாரோ இருந்ததால் நடைபாதையில், மருந்து வண்டிகள் போய்வரும் இடத்தில் நின்றுதான் சொன்னார்.

"ஈரலுக்குப் போயிடுச்சு. இனிமே மருந்து குடுத்தா அந்த மருந்தையே அவங்க உடம்பு தாங்காது. நிறுத்திடலாம். வலி இல்லாம பார்த்துக்கலாம்."

நான்தான் கேட்டேன், எவ்வளவு நாள் என்று.

"ரெண்டு மாசம். மூணுன்னா அதிகம்."

அவர் 'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அதே அளவுக்கு ஆத்திரமும் வந்தது. டீச்சருக்கு நான் சொன்னபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நடைபாதையில்தான் தெரிந்தது.

காரில் ஏறியதும் அத்தான் அக்காவிடம் சொன்னார், "மருந்து போதுமாம். உடம்பு தேறட்டும்னு நிறுத்தியிருக்காங்க." சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா, "அப்பாடா, அந்த வாந்தி இனிமே இல்ல," என்று ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மருந்து நின்றது. கொஞ்ச நாளில் அவளுக்குப் பசி எடுத்தது. முகத்தில் வெளுப்பு குறைந்தது. ஒரு நாள் நான் கிளினிக்கில் ஒருவருடைய தலையை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அத்தானிடமிருந்து போன்.

"முடி வருதுடா." அவர் குரல் உடைந்திருந்தது. "தடவிப் பார்த்தேன், சொரசொரன்னு இருக்கு. உடம்பு தேறுதுன்னுதானே அர்த்தம்? அந்த டாக்டர் தப்பா கணக்குப் போட்டிருப்பாரோ?"

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அத்தான் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. விஷம் நின்றால் முடி வரும். ஈரலில் என்ன நடக்கிறது என்று முடிக்குத் தெரியாது, அதற்கு அக்கறையும் இல்லை. முடி வந்தது அவள் தேறியதால் அல்ல, டாக்டர்கள் கைவிட்டதால். இதை நான் அவரிடம் போனில் சொல்லியிருக்க வேண்டும்.

"அந்தக் கேமராவ எடுத்துட்டு வா. அவ கேக்கறா. யார் சொன்னாலும் நம்ப மாட்டேங்கறா, நீ பார்த்துச் சொன்னாதான் நம்புவாளாம்," என்றார்.

அன்று சாயங்காலம் போனேன். அக்கா தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஏதோ பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். காதில் கம்மல் போட்டிருந்தாள். ரொம்ப நாளாகப் போடாதது.

"வாங்க டாக்டர்," என்றாள். "பேஷண்ட் ரெடி."

கேமராவை லேப்டாப்பில் சொருகி உச்சியில் வைத்தேன். திரையில் வந்ததைப் பார்த்ததும் கேமராவை இன்னும் நாலு இடத்தில் நகர்த்தி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு துளையிலும் முடி. சில துளைகளில் இரண்டு, மூன்று. வெட்டிய முடியின் நுனி மழுங்கி இருக்கும், புதிதாக முளைத்தது சீவிய பென்சில் மாதிரி கூராக இருக்கும். இவை எல்லாம் கூர் நுனிகள். தோல் இளஞ்சிவப்பாக, செதில் இல்லாமல், வீக்கம் இல்லாமல் இருந்தது. அந்த வருடம் நான் பார்த்த தலைகளிலேயே ஆரோக்கியமான தலை அதுதான். அதற்காக ஆண்டுக்கணக்கில் என்னிடம் வந்து காத்துக்கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"என்னடா பேச்சே இல்ல?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா," என்றேன். "எல்லாத் துளையும் திறந்திருக்கு. எல்லாத்துலயும் முடி இருக்கு."

"பாத்தீங்களா?" என்று அத்தானைப் பார்த்தாள். அத்தான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர். அவர் நம்பிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. நடைபாதையில் கேட்டதை எல்லாம் இந்தப் பென்சில் நுனிகள் அழித்துவிட்டன.

அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"காது வரைக்கும் வர எவ்வளவு நாள் ஆகும்? அவன்கிட்ட சொல்லணும், டிக்கெட் போடணும்ல?"

இந்தக் கேள்வி தினமும் என்னிடம் வரும். பதில் என் நாக்கு நுனியில் இருக்கும். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், கூடக் குறைய. உச்சியிலிருந்து காது வரைக்கும் ஒரு வருடத்துக்கு மேலே ஆகும். டாக்டர் கொடுத்த மூன்று மாதத்தில் பாதி போய்விட்டது. ஒரு வருஷம் என்று சொன்னால் பையன் ஒரு வருடம் கழித்து வருவான். சீக்கிரமே வந்துவிடும் என்று சொன்னால் அது நான் தொழிலில் சொல்லும் முதல் பொய். வராது என்று சொல்ல அத்தானின் முகம் விடவில்லை. அவர் இரண்டு கைகளாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்க்கலாம்," என்றேன்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அத்தானுக்கு அது உறைக்கவில்லை, தலையாட்டினார். அக்காவின் விரல் திரை மேல் நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கேமராவின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். சுருட்டச் சுருட்ட அது சிக்கிக்கொண்டது.

"என்னங்க," என்று அத்தானைக் கூப்பிட்டாள். "பால் இல்ல. வாங்கிட்டு வந்துடுங்களேன், காபி போடலாம்."

அடுப்பு மேடையில் பால் இருந்தது. அத்தான் அதைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படியில் விசில் அடித்துக்கொண்டு இறங்குவது கேட்டது. அந்த மனிதர் விசில் அடித்து நான் எத்தனையோ மாதமாகக் கேட்டதில்லை.

"எவ்வளவு நாள் குடுத்திருக்காங்க?" என்றாள் அக்கா.

சொன்னேன். ஈரலைப் பற்றியும் சொன்னேன். அவள் கம்மலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மருந்து நின்னாதான் முடி வரும்னு நீ அன்னிக்கே சொன்ன. தடவிப் பார்த்தப்பவே எனக்குள்ள ஒரு சந்தேகம். இருந்தாலும் ஒரு ஆசை. மொட்டை வந்து பார்த்து, ஒரு வருஷம்னு சொல்லிட்டா போதும்னு நினைச்சேன்."

"அக்கா, அவனை வரச் சொல்லலாம். நாளைக்கே கிளம்பட்டும்."

"வேண்டாம்."

"ஏன்?"

"காது வரைக்கும் வரட்டும்னு சொல்லியிருக்கேன். அதுவே இருக்கட்டும்." துணியை எடுத்துத் தலையில் கட்ட ஆரம்பித்தாள். "அவன் மனசுல நான் பின்னலோட இருக்கேன். அப்படியே இருந்துட்டுப் போறேன். ஏர்போர்ட்ல என்னைக் கட்டிப்பிடிச்சானே, அப்பகூட பின்னலத்தான் முதல்ல பிடிச்சான். அவ்வளவு பெரிய ஆளு. கடைசியா அவன் கையில எதைக் குடுக்கறது? இந்தச் சொரசொரப்பையா?"

"அவனுக்கு அம்மாதான் வேணும். பின்னல் வேண்டாம்." என் குரல் உயர்ந்துவிட்டது. "மயிரு போனா போகுது."

"அந்த மயிரு போனதுக்குத்தான் உன்கிட்ட ஊரே வந்து அழுதுட்டுப் போகுது," என்றாள். சிரிக்க முயன்றாள், இருமல் வந்துவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பலமே இல்லை.

"அத்தானுக்கு எனக்குத் தெரியும்னு தெரிய வேண்டாம். பாவம், விசில் அடிக்கிறாரு. அவன்கிட்டயும் நீ ஒண்ணும் சொல்லக் கூடாது. சொல்லு, சொல்ல மாட்டேன்னு."

"சரி," என்றேன்.

அவள் கையை விட்டாள். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால் மறுபடி கேட்கவில்லை. அத்தான் பாலோடு வந்தார். அடுப்பு மேடையில் இருந்த பாலைப் பார்த்துவிட்டு, "இருக்கே?" என்றார். "கண்ணு தெரியல போல," என்றாள் அக்கா. மூன்று பேரும் காபி குடித்தோம். அத்தான் அடுத்த வருடம் எங்கே சுற்றுலா போகலாம் என்று பேசினார். அக்கா ஒவ்வொரு இடத்துக்கும் ஏதாவது குறை சொல்லிக்கொண்டே இருந்தாள், எப்போதும் போல.

மறுநாள் கிளினிக்கில் வேலை ஓடவில்லை. கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான், எனக்கு வந்த அதே வழுக்கை அவனுக்கும் தொடங்கியிருந்தது. அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் போனதும் முதலாளியம்மா, "இன்னிக்காவது மூஞ்சிய கொஞ்சம் நல்லா வச்சுக்கக் கூடாதா?" என்றாள். எனக்கு வாயில் வந்ததை விழுங்கினேன். அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனேன். ஷாம்பூ வந்த அட்டைப்பெட்டிகள் அடுக்கிவைத்திருக்கும் இடம். ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, பையனின் எண்ணை எடுத்துவிட்டு, அழுத்தாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதை அவள் மன்னிக்க மாட்டாள். மன்னிக்க அவளுக்கு நேரமும் இல்லை. கதவைத் திறக்க மாட்டேன் என்றாளே, நிஜமாகவே திறக்காமல் போனாலும் போவாள், அப்படிப்பட்ட பிடிவாதக்காரி. பரவாயில்லை, கதவை நான் திறப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அந்த எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. வாரத்துக்கு ஒரு முறை வரும் அழைப்பு.

"மாமா!" அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். "அம்மா இப்பதான் பேசினாங்க. முடி வந்துடுச்சாமே? நீங்க கேமரா வச்சுப் பார்த்து சூப்பரா இருக்குன்னு சொன்னீங்களாம்?"

"ஆமா. சொன்னேன்."

"ஆனா அவசரப்படாத, காது வரைக்கும் வந்தப்புறம் வான்னு மறுபடியும் அதையே சொல்றாங்க. அம்மா மாறவே மாட்டாங்க." சிரித்தான். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது, யாரையோ தள்ளி நிற்கச் சொன்னான். "நீங்க சொல்லுங்க மாமா, உங்களுக்குத்தான் தெரியும். காது வரைக்கும் எப்ப வரும்?"

டீச்சருக்குச் சொன்ன அதே குரலில், அதைவிட ஏற்றாமல் இறக்காமல் சொன்னேன்.

"வராதுடா."

இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் காத்திருந்தேன். இதைக் கேட்ட எல்லோருக்கும் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தில் நான் பேசக் கூடாது. அது தொழிலில் கற்றது.

பிறகு அவன் கேட்டான். நான் தூக்கி வளர்த்த அந்தச் சின்னப் பையனின் குரல் அது.

"நான் வர்ற வரைக்கும் இருப்பாங்களா மாமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. இத்தனை வருடமும் நான் திட்டித் தீர்த்த வார்த்தை. அதை அவனிடம் சொல்ல மனம் வரவில்லை.

"கிளம்புடா," என்றேன்.